தோற்றால் ஒரு ஷாட்: கல்லூரி மாணவி ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 20 வயசு. ஊர் திண்டுக்கல் பக்கம். சென்னையில இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பி.ஜி.யில இருக்கேன். சனிக்கிழமை ராத்திரி எங்க கேங்ல ஒருத்தி ஃப்ளாட்ல கூடுவோம். நாலு பொண்ணுங்க, ரெண்டு பசங்க. சீட்டுக்கட்டு கேம், இல்லன்னா ‘நெவர் ஹேவ் ஐ எவர்’, அதாவது ஒருத்தர் ‘நான் இதைச் செஞ்சதே இல்ல’ன்னு ஒண்ணைச் சொல்வாங்க, அதைச் செஞ்சவங்க குடிக்கணும். தோத்தா ஒரு ஷாட். மத்த நாள் நான் தொடவே மாட்டேன். போன மாசம் ஒரு நாள் பத்தரை மணி வரைக்கும்தான் ஞாபகம் இருக்கு, அப்புறம் காலையில எழுந்ததுதான். ஆனா நான் நல்லா பேசினேன், ஆடினேன்னு சொல்றாங்க, வீடியோவும் இருக்கு. அதே ராத்திரி ஃப்ரெண்ட் ஒருத்தி மட்டையாகி, தூக்கத்திலேயே வாந்தி எடுத்தா. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும், வீட்டுக்குத் தெரிஞ்சிடும்னு பயந்து படுக்க வெச்சிட்டோம். பசங்களும் அதே அளவுதான் குடிச்சாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. நான் குடிக்கு அடிமை ஆயிட்டேனா? கேமை விட்டா கேங்கே போயிடும். அப்பா குடிப்பார், அதனால அம்மாகிட்ட சொல்லவே முடியாது. என்ன செய்யட்டும்?

பதில்: உன் வயசுப் பிள்ளைகள் நிறையப் பேரை தினமும் பார்க்கிறவள் நான், அதனால் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன்ம்மா.

அடிமை ஆயிட்டேனா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றதைப் படிக்க உனக்கு மனசு ஓடாது. நீ எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், இல்லை. குடிக்காத நாளில் கை நடுங்குவது, வியர்ப்பது, தூக்கம் வராமல் தவிப்பது, எப்போது கிடைக்கும் என்று மனசு அதையே சுற்றிக்கொண்டிருப்பது, படிப்பு கெட்டாலும் விட முடியாமல் போவது, முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போவது, இதையெல்லாம் வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்வோம். உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இதோடு நிம்மதியாகி ஃபோனை மூடி வைத்துவிடாதே. அன்று ராத்திரி உன் தோழிக்கு மூச்சு நின்றிருந்தால், அவள் அடிமையா இல்லையா என்ற கேள்விக்கே இடம் இருந்திருக்காது. வாழ்க்கையில் நாலே தடவை குடித்தவளையும் ஒரே ராத்திரியில் சாய்த்துவிடும் இது. அப்படிச் சாய்ப்பதற்கு மிகச் சுலபமான வழி, நீங்கள் ஆடுகிற அந்த கேம்.

சாதாரணமாக ஒருவர் குடிக்கும்போது, தலை லேசாகச் சுற்றுகிறது, நாக்கு தடிக்கிறது, போதும் என்று உடம்பே ஒரு இடத்தில் சொல்கிறது. எல்லோரும் அதைக் கேட்பதில்லை, ஆனாலும் சொல்கிறது. கேமில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எப்போது குடிக்கணும், எவ்வளவு, எத்தனை வேகத்தில் என்பதை சீட்டு முடிவு செய்கிறது, இல்லையென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார். இன்னொன்றையும் கவனி. போதை ஏற ஏற ஆட்டம் சொதப்பும், சொதப்பினால் இன்னொரு ஷாட், அதனால் இன்னும் சொதப்பும். அதிகம் குடித்தவளையே இன்னும் குடிக்க வைக்கிற மாதிரிதான் விதியே அமைந்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த விளையாட்டுகளைப் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள், அங்கே திரும்பத் திரும்பத் தெரிய வருகிற விஷயம் இதுதான்: குறைந்த நேரத்தில் நிறைய உள்ளே போகிறது, விளையாட்டு இல்லாத நாட்களில் பையன்களைவிடக் குறைவாகக் குடிக்கும் பெண்கள் கூட விளையாட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. விதி எல்லோருக்கும் ஒன்று. உடம்பு ஒன்றில்லை.

கணக்காகவே பார்ப்போம், நீ இன்ஜினியரிங் பிள்ளை. நம் ஊர் கடையில் கிடைக்கும் ஓட்கா, ரம், பிராந்தி எல்லாவற்றிலும் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். 30 மி.லி. ஊற்றினால் உள்ளே போவது சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., கிட்டத்தட்ட 60 கிராம். ‘பியர்தானே’ என்று சொல்லும் தோழிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், 8 சதவீத ஸ்ட்ராங் பியர் 650 மி.லி. பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம் இருக்கிறது, நாலு சின்ன பெக்குக்குச் சமம். நம் கல்லீரலோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத் தொட்டியின் அடியில் குண்டூசி ஓட்டை வைத்த மாதிரி. அந்த ஓட்டையைப் பெரிதாக்க வழியே இல்லை. காபி, மோர், எலுமிச்சை ஜூஸ், ஷவரில் நிற்க வைப்பது, எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. முக்கால் மணி நேரத்தில் அஞ்சு ஷாட் என்றால் 50 கிராம் உள்ளே, வெளியே போனது 8 கூட இருக்காது. அதுவும் வீட்டு பார்ட்டியில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை, சின்ன டம்ளரில் ஊற்றுகிற ஒரு ஷாட் 45, 60 மி.லி. கூட இருக்கும். பெண்கள் இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 56 கிராம் எடுத்துக்கொண்டால் அதை ஆபத்தான குடி என்று அமெரிக்காவின் தேசிய மது ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. ஒரு குவார்ட்டரை ஒருத்தி ஒரு கேமில் முடித்தால் அந்தக் கோட்டைத் தாண்டியாகிவிட்டது.

பசங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஆல்கஹால் கொழுப்பில் அவ்வளவாகக் கலக்காது, உடம்பில் இருக்கும் தண்ணீரில்தான் பரவும். பெண் உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு, எடையும் பெரும்பாலும் குறைவு. இரைப்பையிலேயே ஆல்கஹாலைக் கொஞ்சம் உடைத்துவிடும் ஒரு என்சைமும் பெண்களுக்குப் பொதுவாகக் குறைவாகவே வேலை செய்கிறது. 50 கிலோ எடையுள்ள நீயும் 70 கிலோ எடையுள்ள பையனும் அதே 50 கிராமை வேகமாகக் குடித்தால், எங்கள் வழக்கமான சூத்திரப்படி உன் ரத்தத்தில் 100 மி.லி.க்கு சுமார் 180 மில்லிகிராம் வரை போகும், அவனுக்கு சுமார் 105. வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. அவன் மூன்றரை மடங்கு தாண்டி உட்கார்ந்திருக்கிறான், நீ ஆறு மடங்கு. அதனால் ‘அவங்களுக்கு ஒண்ணும் ஆகல’ என்பதும் சரியில்லை, அவர்களும் நல்ல நிலையில் இல்லை, யாராவது பைக் எடுத்திருந்தால் அது வேறு கதை. ஆனால் உன்னைவிடத் தாங்கியதற்கு அவர்கள் திறமையோ உன் பலவீனமோ காரணம் இல்லை.

இதோடு வேறு சிலதும் சேரும். என்னிடம் வரும் பெண்களில் பலர் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை என்பார்கள், டயட் என்பார்கள், மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்பார்கள், சில பேர் சீக்கிரம் ஏறட்டும் என்றே பட்டினியாக இருந்திருப்பார்கள். வயிறு காலியாக இருந்தால் ஆல்கஹால் இரைப்பையில் தங்காமல் நேராகச் சிறுகுடலுக்கு இறங்கி ரத்தத்தில் ஏறிவிடும். எனர்ஜி டிரிங்க் கலந்தால் தூக்கம் வராது, ஆனால் போதை குறைவதில்லை, தள்ளாட்டம் தெரியாமலே இன்னும் இரண்டு போகும். சளிக்குப் போடும் செட்ரிசின், தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, இவற்றோடு மது சேர்ந்தால் மயக்கமும் மூச்சு மந்தமும் கூடும். இப்படி ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் அந்த வட்டத்தில் உட்காரவே கூடாது.

அந்த ஞாபகம் போன விஷயத்துக்கு வருகிறேன், உன் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அதுதான். இதை நாங்கள் பிளாக்அவுட் என்போம். மயங்கி விழுவது வேறு, இது வேறு. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி, நடப்பதை ஞாபகமாகப் பதிவு செய்யும் வேலை அதனுடையது. ரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது அது பதிவு செய்வதை நிறுத்திவிடுகிறது. மற்ற பகுதிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆடலாம், பேசலாம், ஃபோனைத் திறக்கலாம், பணம் அனுப்பலாம், கேப் புக் பண்ணலாம், எதிரே இருப்பவருக்கு நீ கொஞ்சம் போதையில் இருக்கிற, ஆனால் சுயநினைவோடு இருக்கிற பெண்ணாகவே தெரிவாய். காலையில் யோசித்து யோசித்துப் பார்த்தாலும் ஒன்றும் வராது, ஏனென்றால் தொலைந்துபோக அங்கே எதுவுமே எழுதப்படவில்லை. அதனால் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து உன்னை வதைத்துக்கொள்ளாதே. எவ்வளவு குடித்தாய் என்பதோடு எவ்வளவு வேகமாக ஏறியது என்பதும் சேர்ந்துதான் இது வருகிறது. கேமும் பட்டினியும் சேர்ந்த இடத்தில் இது வருவதில் ஆச்சரியமே இல்லை.

கூட இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒருத்தி எல்லை தாண்டிவிட்டாளோ என்று சந்தேகமாக இருந்தால், பத்து நிமிஷம் முன்னால் நடந்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள், இப்போது யார் ஃபோன் பண்ணினாங்க, நாம என்ன ஆர்டர் பண்ணினோம் என்று. பதில் இல்லையென்றால், இல்லை கேட்ட கதையையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால், அவள் ஞாபகம் பதிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவளுக்கு ஒரு சொட்டு கொடுக்கக் கூடாது, யாரோடும் தனியாக அனுப்பக் கூடாது, அவள் கையில் ஃபோன் இருந்தாலும் அவள் எடுக்கும் முடிவு எதுவும் முடிவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தைச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. போதையில், தான் எதற்குச் சரி சொல்கிறோம் என்பதும் அதன் விளைவும் புரியாத நிலையில் ஒரு பெண் தரும் சம்மதம் சம்மதமே ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது, அதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்திலும் 375-இல் இருந்ததுதான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ எழுதாத ஏதாவது இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் ரொம்ப சந்தோஷம். இருந்தால், உன் மேல் தப்பில்லை என்பதை என் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள். நீ குடித்திருந்தாய் என்பது யாருக்கும் எந்த உரிமையும் கொடுக்காது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இப்போதுதான் அப்படி ஒன்று நடந்திருந்தால், உடனே ஒரு மருத்துவமனைக்குப் போங்கள், கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியவை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். 181 பெண்களுக்கான உதவி எண்.

வீடியோவைப் பற்றி. அழிக்கச் சொல், எல்லோர் ஃபோனிலும், க்ரூப்பிலும். ‘ஜாலிக்குத்தான்டி’ என்பார்கள். உனக்கே தெரியாத நேரத்தில் எடுத்ததை வைத்துக்கொண்டு சிரிக்க யாருக்கும் அனுமதி இல்லை என்று நேராகவே சொல். நல்ல தோழி என்றால் அந்த ஒரு வாக்கியத்திலேயே அழித்துவிடுவாள், அழிக்க மறுப்பவர் யார் என்று தெரிந்துகொள்வதும் உனக்கு நல்லதுதான்.

இப்போது உன் தோழி. இந்த இடத்தைக் கேங்கில் எல்லோருக்கும் படித்துக் காட்டு.

கடைசி ஷாட் குடித்த பிறகும் ரத்தத்தில் போதை ஏறிக்கொண்டே இருக்கும், முக்கால் மணி, ஒரு மணி நேரம் கூட. அதனால் ‘தூங்கட்டும், தூங்கினா சரியாயிடும்’ என்பதுதான் இதில் மிக ஆபத்தான பேச்சு, நீங்கள் படுக்க வைத்துவிட்டு வந்த பிறகு அவள் நிலைமை மோசமாகத்தான் போயிருக்கும். ஆழ்ந்த போதையில் தொண்டையின் காப்பு உணர்வு மங்கிவிடும், வாந்தி வெளியே வராமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். மல்லாக்கப் படுத்திருப்பவள் சத்தமே இல்லாமல் அப்படிப் போய்விடலாம். அவள் காலையில் எழுந்தது உங்கள் அதிர்ஷ்டம்ம்மா, வேறு எதுவும் இல்லை.

தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோள்பட்டையைக் கிள்ளியும் கண் திறக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. நிமிஷத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து வினாடி இடைவெளி, உதடும் நகமும் நீலம் பாய்வது, உடம்பு ஜில்லிட்டுப் போவது, வலிப்பு, நினைவில்லாமலே வாந்தி, இதில் எது ஒன்று இருந்தாலும் 108. எல்லாமே இருக்கணும் என்று தேடாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல் பக்க முழங்கால் மடங்கி முன்னால் ஊன்றியிருக்கணும், மேல் பக்கக் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, வாய் கீழே பார்த்தபடி இருக்கணும், வந்தது வெளியே ஒழுகிவிடும். போர்வை போடுங்கள். பக்கத்திலேயே ஒருத்தி உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்கணும். தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஏற்கெனவே உடம்புச் சூடு இறங்கிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாயில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மோர், காபி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. டாக்டரிடம் என்ன குடித்தாள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, கூட ஏதாவது மாத்திரை போட்டாளா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அங்கே நீங்கள் மறைக்கிற ஒரு மாத்திரை அவள் சிகிச்சையையே மாற்றிவிடும்.

போலீஸ் பயம் எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான வயது 21, உனக்கு இன்னும் ஆகவில்லை, அதை மறந்துவிட்டு நான் எழுதவில்லை. மருத்துவமனை சில சமயம் காவல்துறைக்குத் தகவல் கொடுக்கவும் செய்யலாம், வீட்டுக்குத் தெரியவும் செய்யலாம். திட்டு விழும், அழுகை இருக்கும், பி.ஜி.யைக் காலி பண்ணச் சொன்னாலும் சொல்வார்கள். இவை எல்லாவற்றிலிருந்தும் மீண்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு அந்த நேரத்தில் உங்கள் ஒழுக்கத்தைப் பற்றி யோசிக்க நேரமும் கிடையாது, மூச்சும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் பார்ப்பார்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான், உன் மேல் இல்லை. ஒரு பையன் மட்டையானால் அவன் நண்பர்கள் தோளில் போட்டு எங்காவது தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், மறுநாள் அது கதையாகிவிடும். பொண்ணு மட்டையானால் கதவைச் சாத்துகிறோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 சதவீதம் பேர் குடிப்பதாகச் சொன்னார்கள், பெண்களில் 1.3 சதவீதம். வீட்டுக்கு வந்து கேட்கும்போது எத்தனை பெண்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பது தனிக் கேள்வி. ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதாலேயே இதைப் பற்றிப் பெண்களிடம் யாரும் உருப்படியாகப் பேசுவதில்லை. கல்லூரியில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள், ஒருத்தி மூச்சுவிடத் திணறினால் எப்படிப் படுக்க வைக்கணும் என்று சொல்லித் தர மாட்டார்கள். வெட்கம் யாரையும் குடிக்காமல் தடுப்பதாக எனக்குத் தெரியவில்லை, 108-ஐக் கூப்பிடாமல் தடுத்துவிடுகிறது.

சரி, கேங். கேமை விட்டால் கேங்கே போயிடும் என்கிறாய். ஊரை விட்டு வந்து, இந்த நகரத்தில் உனக்கென்று ஒரு கேங் கிடைத்திருக்கிறது, அதை விடு என்று நான் சுலபமாகச் சொல்ல மாட்டேன். தனிமை உன்னை எங்கே தள்ளும் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் மற்றவர்களும் உன்னைப் போலவே நினைத்துக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அன்றைக்கு நடந்ததைப் பார்த்து பயப்படாதவர் யார் இருப்பார்? சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்த பிறகு மறுப்பது கஷ்டம், கை டம்ளரை வாங்கிவிடும். அதனால் வியாழன், வெள்ளியிலேயே ஒருத்தியிடம், உனக்கு மிக நெருக்கமானவளிடம், சொல்லிவிடு: எனக்கு அன்னிக்கு ஞாபகமே போயிடுச்சு, பயமா இருக்கு, நான் இனி ஷாட் கேம் ஆடல, நீ என் பக்கம் நில்லு. ஒருத்தி கூட நின்றால் போதும், கேலி பாதியில் நின்றுவிடும். சீட்டு ஆடுங்கள், தோற்றவர் பாத்திரம் கழுவட்டும், மறுநாள் டிஃபன் வாங்கித் தரட்டும், ஆட்டத்துக்கு ருசி குறையாது. விளக்கம் சொல்ல விருப்பமில்லை என்றால் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடு, அந்தப் பொய்க்காக உன்னை யாரும் தண்டிக்கப் போவதில்லை.

‘நெவர் ஹேவ் ஐ எவர்’ விளையாட்டை மட்டும் கண்டிப்பாக விடச் சொல்வேன். ஒரு பெண் தன் அந்தரங்கத்தை ஒத்துக்கொண்டால் குடிக்கணும், குடிக்காமல் இருந்தால் நடிக்கிறாள் என்பார்கள். நினைவு மங்கிக்கொண்டிருக்கும்போது சொன்ன ரகசியங்கள் மற்றவர் நினைவில் தெளிவாக இருக்கும். அதற்கப்புறம் என்ன சொன்னேனோ என்று பல வாரம் தூங்காமல் கிடந்த பெண்கள் என் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். கேமில் யார் ஊற்றுகிறார்கள், யாரைக் குறிவைத்து அதிகம் குடிக்க வைக்கிறார்கள் என்பதையும் ஒரு நாள் குடிக்காமல் உட்கார்ந்து பார். பெரும்பாலும் புதிதாக வந்தவள், இல்லை எதிர்த்துப் பேசாதவள்.

நான் என்ன சொன்னாலும் எப்போதாவது குடிக்கத்தான் போகிறாய் என்றால், அதற்கும் எழுதிவிடுகிறேன். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் வருத்தப்படலாம், ஆனால் இந்த சனிக்கிழமை அந்த வட்டத்தில் உட்காரப் போகும் ஒரு பெண்ணும் இதைப் படிக்கிறாள், எனக்கு அவள் உயிரோடு திங்கட்கிழமை வகுப்புக்குப் போகணும். எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது, மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுபவற்றில் மதுவும் ஒன்று. இதைத் தெரிந்துகொண்டு, சோறோ சப்பாத்தியோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. உன் டம்ளரை நீயே அளந்து ஊற்று, பாட்டில் மூடியில் அளந்தாலும் சரி. மணிக்கு 30 மி.லி.க்கு மேல் வேண்டாம், இரண்டோடு நிறுத்து, நடுவில் தண்ணீர். ராவாக வேண்டவே வேண்டாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனால் திரும்ப வந்து அதைக் குடிக்காதே. திரும்பி வருவது எப்படி, யாரோடு என்பதைக் கிளம்பும் முன்னாலேயே முடிவு பண்ணிக்கொள், ஒருத்தியாவது அன்று சுத்தமாகக் குடிக்காமல் இருக்கட்டும்.

அப்பா குடிப்பார் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய், அதைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருகிறது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அது உன் தலையெழுத்து இல்லை, மற்ற பாதி வாழ்க்கைதான். ஆனால் உன் தோழிக்கு இல்லாத ஒரு ஜாக்கிரதை உனக்கு வேண்டும். இன்னும் கொஞ்ச நாளில் ‘இப்பல்லாம் எனக்கு அவ்வளவா ஏறறதில்ல’ என்று நீ சொல்ல ஆரம்பித்தால், அதை முன்னேற்றம் என்று நினைக்காதே, நிறையத் தாங்குகிற உடம்புதான் பின்னால் அதிகம் மாட்டிக்கொள்கிறது. பரீட்சை பயத்துக்காக, தூக்கத்துக்காக, வீட்டிலிருந்து வந்த ஒரு ஃபோனை மறக்க என்று தனியாக ஒரு தடவை குடித்தாலும், இன்னொரு தடவை ஞாபகம் போனாலும், உடனே வந்து யாரையாவது பார்க்க வேண்டும்.

யாரைப் பார்ப்பது என்றால், உன் கல்லூரி கவுன்சலரிடமிருந்து ஆரம்பிக்கலாம், அங்கே தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது. நேரில் போக, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, இல்லையென்றால் உன் பக்கத்திலேயே அடையாறு இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய, குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தில் ஒருவர் குடிப்பதால் தவிக்கும் மற்றவர்களோடும் அவர்கள் பேசுவார்கள், அந்த வகையில் அது உனக்கும் உன் அம்மாவுக்கும் சேர்த்தே உதவும். உனக்கு 18 தாண்டிவிட்டது. நீ சொல்வதை உன் அனுமதியில்லாமல் வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறது, உயிருக்கே ஆபத்து என்ற மாதிரியான சில நிலைமைகள் தவிர. டாக்டர் வீட்டுக்குப் போட்டுக் கொடுத்துடுவாங்க என்ற பயத்தில் யாரும் வராமல் இருக்க வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லித்தான் ஆகணும் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். இருபது வருஷமாக ஒரு குடிக்கிற மனிதரோடு வாழ்கிறவரிடம், மகளும் குடித்தாள் என்று சொல்வது எவ்வளவு பாரம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் தவிக்கிறாய். ஆனால் உன் வீட்டில் இதைப் பற்றி அதிகம் தெரிந்தவரும் அவர்தான் என்பதையும் யோசித்துப் பார். சொல்ல முடிவு செய்தால் ஃபோனில் வேண்டாம், ஊருக்குப் போகும்போது, அப்பா வீட்டில் இல்லாத ஒரு பகல் நேரமாகப் பார்த்து, நீ ஏற்கெனவே ஒரு கவுன்சலரைப் பார்த்துவிட்டாய் என்ற செய்தியோடு சேர்த்துச் சொல். முதலில் அழுவார், கை கூட ஓங்குவாரோ என்னவோ, கொஞ்ச நேரம் விடு. அதுவே முடியாது என்றால் சித்தியோ அக்காவோ, உனக்கு நம்பிக்கையான பெரியவர் ஒருவர் போதும். அதற்கு முன்னால், இந்த வாரத்திலேயே, அன்று மட்டையான அந்தத் தோழியோடு தனியாக உட்கார்ந்து ஒரு டீ குடித்துக்கொண்டு, அன்னிக்கு நாங்க உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும் என்று சொல்லிவிடு. அவளுக்கும் பத்தரை மணிக்கு அப்புறம் என்ன நடந்தது என்று ஒன்றும் தெரிந்திருக்காது, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பாள்.